வேலை இல்லாத நாய்: வீட்டுக்குள் மூளைக்கு வேலை தரும் விளையாட்டுகள் பற்றி ஓர் ஆய்வு

காலை ஏழரைக்குள் கிள்ளானில் உள்ள பண்டமாரானின் தரை வீடுகள் பல காலியாகிவிடும். துறைமுகத்துக்கும் கிடங்குகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் போகிறவர்கள் போய்விடுவார்கள். பள்ளி வேன் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு திரும்பிவிடும். கேட்டுக்குப் பின்னால், கார் நின்ற இடத்தில், நாய் மட்டும் மிஞ்சும். ரொட்டிக்காரரின் மோட்டார் சைக்கிள் ஹாரனுக்கு அது குரைக்கும். கேஸ் லாரிக்குக் குரைக்கும். எதிர்வீட்டுப் பூனை மதிலில் நடந்தால் கேட்டின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஓடும். மாலையில் வீடு திரும்புகிறவருக்குக் கடித்துக் குதறிய செருப்பும், வேரோடு பிடுங்கிய துளசியும், பக்கத்து வீட்டாரின் முகச்சுளிப்பும் காத்திருக்கும்.

"நாய்க்கு வேலை இல்லை, நிற்க நேரமில்லை" என்று நம்மவர்கள் சொல்வது, காரணமில்லாமல் பரபரத்துத் திரியும் மனிதர்களைக் கேலி செய்யத்தான். நாயையே வைத்துப் பார்த்தால் அந்தப் பழமொழி ஒரு நோயறிகுறியைச் சரியாகச் சொல்லிவிடுகிறது. வேலை இல்லாததால்தான் அதற்கு நிற்க நேரமில்லை.

வீட்டுக்குள்ளேயே நாயின் மூளைக்கு வேலை தரும் விளையாட்டுகள் இதற்கு மருந்து என்று செல்லப்பிராணிக் கடைகளும் பயிற்றுநர்களும் சொல்கிறார்கள். கடைகளில் அதற்கான சாமான்கள் வரிசையாகத் தொங்குகின்றன. எது பயன் தருகிறது, எது வெறும் வியாபாரம், பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடித்து வருகிற ஒருவரால் எதைச் செய்ய முடியும் என்பதை ஒழுங்காகப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வேலை எங்கே போனது?

மலேசியாவில் நாய் எப்போதும் கேட்டுக்குப் பின்னால் இருந்ததில்லை. தீபகற்பத்தின் பூர்வகுடிகளான ஒராங் அஸ்லி மக்கள் வளர்த்த ஒரு வகை நாய்க்குத் தெலோம் ஆற்றின் பெயரால் தெலோமியன் என்று பெயர். மானிடவியலாளர் ஓர்வில் எலியட் 1963இல் ஒரு ஜோடியை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனதால் வெளியுலகம் அதை அறிந்தது. கால்நட்டுக் கட்டிய வீடுகளின் ஏணிப்படியில் ஏறும், முன்னங்காலால் பொருளைப் பிடித்துக் கையாளும் என்பதே அந்த நாயைப் பற்றி எழுதியவர்கள் திரும்பத் திரும்பக் குறிப்பிட்ட செய்தி. குடும்பத்தோடு குடும்பமாக வாழ்ந்து, ஏறி இறங்கி, தேடித் தின்று பழகிய நாய் அது.

தோட்டத்து நாயும் அப்படித்தான். விடியுமுன் பால் வெட்டப் போகிறவர்களின் முன்னால் ஓடியது. பாம்பைக் கண்டால் நின்று குரைத்தது. பன்றி வேட்டைக்குப் போனது. லயத்து வாசலில் யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று கணக்கு வைத்திருந்தது. அதற்கு யாரும் விளையாட்டுக் கற்றுக்கொடுக்கவில்லை. தோட்டமே அதற்குப் புதிராக இருந்தது.

பண்டமாரானின் கதை இதில் ஒரு தனி ஏடு. மலாயாவில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக அறிவித்த அவசரகாலத்தில், 1950இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தின்கீழ், சிதறிக் கிடந்த மக்களை வேலிக்குள் குடியேற்றி உருவாக்கிய புதுக்கிராமங்களில் இதுவும் ஒன்று. சிலாங்கூரின் பெரிய புதுக்கிராமங்களுள் எண்ணப்படுவது. பிறகு கிள்ளானைச் சுற்றியிருந்த தோட்டங்கள் ஒவ்வொன்றாகத் தாமான்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. மனிதர்கள் ஷிப்ட் வேலைக்கு மாறினார்கள். கூடவே வந்த நாய்க்கு மாற்று வேலை எதுவும் கிடைக்கவில்லை.

அவிழ்த்துவிடவும் வழியில்லை. லைசென்ஸ் பில்லை இல்லாமல் தெருவில் திரியும் நாயைக் கிள்ளான் மாநகர் மன்றத்தார் பிடித்துக்கொண்டு போவார்கள். அதோடு, பல சமயத்தாரும் சுவரோடு சுவராக வாழும் தெரு இது. நாயின் ஈரமூக்கு படுவது சிலருக்குச் சமயக் காரணத்தால் சங்கடம். சிலருக்கு வெறும் பயம். மதியத்தில் தார்ச்சாலை பாதத்தைச் சுட்டுவிடும். ஆக, நாயின் நாள் முழுக்க வீட்டு எல்லைக்குள்தான் என்று ஆகிவிட்டது. 2020 மார்ச் 18இல் கோவிட் தொற்றுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது நான்கு சுவருக்குள் நாளைக் கழிப்பது எப்படி இருக்கும் என்பதை நாமும் கொஞ்சம் ருசி பார்த்தோம்.

சட்டம் என்ன கேட்கிறது?

"சோறு போடுகிறோம், தண்ணீர் வைக்கிறோம், வேறென்ன?" என்ற கேள்விக்கு மலேசியச் சட்டத்தில் பதில் இருக்கிறது. 2017 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த 2015ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, வளர்ப்பவரின் கடமைகளை வரிசைப்படுத்துகிறது. பொருத்தமான இடம், பொருத்தமான உணவு, வலியிலிருந்தும் நோயிலிருந்தும் பாதுகாப்பு ஆகியவற்றோடு, அந்த விலங்கு தன் இயல்பான நடத்தையை வெளிப்படுத்த வாய்ப்பு இருக்கவேண்டும் என்பதும் அதில் ஒன்று. கடமை தவறினால் 15,000 வெள்ளிக்குக் குறையாமலும் 75,000 வெள்ளிக்கு மேற்போகாமலும் அபராதம், அல்லது சிறை, அல்லது இரண்டும்.

செருப்பைக் கடிக்கும் நாயைப் பார்த்து யாரும் வழக்குப் போடப் போவதில்லை. ஆனால் "இயல்பான நடத்தை" என்ற சொல்லை எடுத்துக்கொண்டு, நாய்க்கு எது இயல்பு என்று கேட்டால் பட்டியல் நீளும்: மோப்பம் பிடிப்பது, தேடுவது, தோண்டுவது, மெல்லுவது, துரத்துவது, கூட்டாளியோடு சேர்ந்து ஏதாவது செய்வது. மூளைக்கு வேலை தரும் விளையாட்டு என்று விற்கப்படுவது எல்லாமே இந்தப் பட்டியலில் ஏதாவது ஒன்றை வீட்டுக்குள் கொண்டுவரும் முயற்சிதான். ஒரு சாமானை வாங்குமுன் அது பட்டியலில் எதற்கு உதவுகிறது என்று கேட்டுப் பார்ப்பது நல்லது.

உழைத்துத் தின்ன நாய்க்கு விருப்பமா?

விளையாட்டுச் சாமான் விற்பவர்கள் அடிக்கடி சொல்லும் வாதம், விலங்குகள் சும்மா கிடைக்கும் உணவைவிட உழைத்துப் பெறும் உணவையே விரும்பும் என்பது. இதன் வேர் 1963இல் கிளென் ஜென்சன் எலிகளை வைத்துச் செய்த சோதனை. கிண்ணத்தில் உணவு நிறைந்திருந்தபோதும் எலிகள் நெம்புகோலை அழுத்தி உணவு பெற்றன. பிறகு பல விலங்குகளில் இதையே கண்டார்கள்.

நாயைப் பொறுத்தவரை 2022இல் வெளியான ஆய்வு இந்த வாதத்தைப் பாதியாக வெட்டியது. 38 வீட்டு நாய்களுக்கு முன்னால் ஒரு தட்டும், உணவை ஒளித்துவைத்த மோப்பப் பாயும் வைக்கப்பட்டன. நாய்கள் பாயைத் தட்டுக்கு மேலாகத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனால் தட்டில் சும்மா கிடைக்கும்போதும் பாயில் தேடித் தின்ன அவற்றுக்குத் தயக்கமில்லை. நாய் உழைப்பாளியும் இல்லை, சோம்பேறியும் இல்லை. வேலை கொடுத்தால் செய்யும் என்பதுதான் இதிலிருந்து கிடைக்கும் நேர்மையான முடிவு.

அந்த வேலை அதற்கு மகிழ்ச்சி தருகிறதா என்பது அடுத்த கேள்வி. சுவீடனில் நடந்து 2014இல் வெளியான ஓர் ஆய்வு இதை அழகாகப் பிரித்துப் பார்த்தது. சில பீகிள் நாய்கள் ஒரு கருவியை இயக்கிப் பரிசு பெற்றன. அவற்றுக்கு ஜோடியாக வைத்த நாய்களுக்கு அதே பரிசு அதே நேரத்தில் கிடைத்தது. ஆனால் அவை செய்த எதனாலும் இல்லை. முதல் குழு வாலை ஆட்டிக்கொண்டு மறுபடி உள்ளே ஓடியது. இரண்டாம் குழுவை வற்புறுத்தி அழைத்துப்போக வேண்டியிருந்தது. தின்பண்டம் இரண்டு குழுவுக்கும் ஒன்றுதான். "என்னால் நடந்தது" என்பதுதான் வேறுபாடு.

அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்சும் ஷார்லோட் டுரான்டனும் 2019இல் வெளியிட்ட ஆய்வில் 20 நாய்கள் இருந்தன. பாதி நாய்கள் இரண்டு வாரம் மோப்பத்தால் உணவைத் தேடப் பழகின. மற்ற பாதி, எஜமானரின் காலோடு ஒட்டி நடக்கப் பழகின. முன்னும் பின்னும் ஒரு சோதனை: உணவு இருக்குமா இருக்காதா என்று தெரியாத இடத்தில் வைத்த கிண்ணத்தை நோக்கி நாய் எவ்வளவு வேகமாகப் போகிறது? மோப்பம் பழகிய நாய்கள் முன்பைவிட வேகமாகப் போயின. "இருக்கும்" என்ற நம்பிக்கை கூடியிருந்தது. ஒட்டி நடந்தவற்றில் அந்த மாற்றம் இல்லை. இரண்டு குழுவுக்கும் தின்பண்டமும் மனிதத் துணையும் கிடைத்தன என்பதால், மூக்கை வைத்துத் தானே முடிவெடுக்கும் சுதந்திரமே காரணம் என்பது ஆசிரியர்களின் கருத்து.

முதுமையைப் பற்றிய சான்றும் உண்டு. முதிய பீகிள் நாய்களை இரண்டாண்டு தொடர்ந்து கவனித்து 2005இல் வெளியிட்ட ஆய்வில், விளையாட்டுப் பொருள், கூட்டாளி, நடை, கற்றல் வேலைகள் எல்லாம் கிடைத்தவற்றின் கற்கும் திறன் மற்றவற்றைவிட நன்றாக நிலைத்தது. சத்துக் கூட்டிய உணவும் சேர்ந்தபோது பலன் மிகுந்தது. கிழட்டு நாய்க்கு எதற்கு விளையாட்டு என்று கேட்பவர்களுக்கு இது பதில்.

இந்த ஆய்வுகள் எல்லாம் சிறியவை. இரண்டு, பீகிள் என்ற ஒரே இனத்தை வைத்து நடந்தவை. அவற்றை மிகைப்படுத்தக்கூடாது. ஆனால் எல்லாம் ஒரே திசையைக் காட்டுகின்றன.

"நம்முடையது வெறும் கம்பத்து நாய்தானே, ஜெர்மன் ஷெப்பர்டா என்ன?" என்பார்கள். கொல்கத்தாவின் ஐசர் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த அனிந்திதா பத்ராவின் குழு 2020இல் வெளியிட்ட ஆய்வில், இந்திய நகரங்களின் 160 தெருநாய்கள் முன் ஒருவர் இரண்டு கிண்ணங்களில் ஒன்றைக் கையால் சுட்டிக் காட்டினார். ஏறத்தாழப் பாதி நாய்கள் பயத்தில் அருகே வரவில்லை. வந்தவற்றில் சுமார் 80 விழுக்காடு, சுட்டிய கிண்ணத்தையே தேர்ந்தெடுத்தன. பயிற்சியும் இல்லை, சாதிப் பத்திரமும் இல்லை. நம் தெருவில் பொறுக்கி எடுத்த குட்டிக்கு அறிவு குறைவு என்று யாரும் சொல்லவேண்டாம்.

விளையாட்டுகள்: வகையும் மதிப்பும்

முதலில் மூக்கு. செலவு மிகக் குறைவு, சான்று மிக அதிகம். தொடங்க எதுவும் வாங்கவேண்டாம். நாயை ஓர் அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, அதன் உணவில் ஒரு கைப்பிடியைக் கூடத்தில் நாலைந்து இடங்களில் வையுங்கள்: நாற்காலிக் காலடியில், கால்மிதிக்குக் கீழே, காலணி அலமாரியின் கீழ்த்தட்டில். "தேடு" என்று சொல்லித் திறந்துவிடுங்கள். முதல் நாள் கண்ணுக்குத் தெரியும்படி வைக்கவேண்டும். கண்டுபிடித்துக் கண்டுபிடித்து நம்பிக்கை வந்தபின் மறைவைக் கூட்டலாம். மோப்பப் பாய் வேண்டுமானால், ஓட்டை உள்ள ரப்பர் கால்மிதியில் பழைய கைலியைக் கிழித்து நாடா நாடாவாகக் கட்டினால் போதும். பழைய துண்டை விரித்து, இடையிடையே தீனி தூவி, பாய் சுருட்டுவதுபோல் சுருட்டிக் கொடுத்தாலும் ஐந்து நிமிடம் போகும்.

அடுத்தது உணவுப் புதிர். 1976இல் அமெரிக்காவின் கொலராடோவில் ஜோ மார்க்கம் என்பவர், கல்லைக் கடித்துப் பல்லைக் கெடுத்துக்கொண்ட தன் ஜெர்மன் ஷெப்பர்டுக்காக உருவாக்கிய ரப்பர்ச் சாமான்தான் இன்று உலகெங்கும் விற்கும் காங். வாகனத்தின் ரப்பர்ப் பாகம் ஒன்றை அந்த நாய் விரும்பிக் கடித்ததைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்தது. விலையுயர்ந்த புதிர்ப் பலகைகளும் இருக்கின்றன. ஆனால் நம் சமையலறையிலேயே ஒரு புதிர்ப் பலகை கிடக்கிறது: பழைய இட்லித் தட்டு. குழிகளில் தீனியை வைத்து, ஒவ்வொரு குழிமேலும் ஒரு டென்னிஸ் பந்து. நாய் பந்தைத் தள்ளித் தின்னவேண்டும். பழகியபின் சில குழிகளை வெறுமையாக விட்டால் மூக்குக்கும் வேலை வந்துவிடும்.

இங்கே ஒரு சிக்கல். கடைத்தீனி உருண்டு விழும். நம் வீடுகளில் பல நாய்கள் தின்பது சோறும் கோழியும். சோறு போத்தலிலிருந்து உருளாது. அதற்குத் தக்க விளையாட்டு நக்குவதும் உறைந்ததைக் கரைப்பதும்தான். மசாலா சேராத கோழியை வேகவைத்து, எலும்பை நீக்கி, சோற்றோடு பிசைந்து, ரப்பர்ச் சாமானுக்குள்ளோ கெட்டியான கிண்ணத்திலோ அழுத்தி உறையவைத்துக் கொடுத்தால், 33 டிகிரி மதியத்தில் அரைமணி நேர வேலை. நக்கிக்கொண்டே இருக்கும் நாய் பெரும்பாலும் அப்படியே படுத்துவிடும்.

மூன்றாவது சொல். சேசர் என்ற பார்டர் கோலிக்கு உளவியலாளர் ஜான் பில்லி மூன்றாண்டில் 1,022 பொருள்களின் பெயரைக் கற்பித்தார். ஆய்வு 2011இல் வெளியானது. நமக்கு அவ்வளவு வேண்டாம். "பந்து", "செருப்பு", "கயிறு" என்று மூன்றைப் பிரித்தறியப் பழக்குவதற்கே வாரக்கணக்கில் நாளுக்கு ஐந்து நிமிடம் தேவைப்படும். "உட்கார்", "இரு", "வா" என்று தமிழில் சொன்னாலும் நாய்க்கு ஒன்றுதான். வீட்டில் எல்லாரும் ஒரே சொல்லைச் சொல்லவேண்டும் என்பதுதான் விதி. அப்பா ஆங்கிலத்திலும் பாட்டி தமிழிலும் பிள்ளைகள் மலாயிலும் கட்டளையிட்டால் குழம்புவது நாயின் குற்றமில்லை. கண்ணாமூச்சியும் இந்த வகைதான். ஒருவர் நாயைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் கதவுக்குப் பின்னால் ஒளிந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவது பிள்ளைகளுக்கும் பிடித்துப்போகும்.

நான்காவது கயிறிழு. இதைப் பற்றிய பழைய எச்சரிக்கை, நாயை ஜெயிக்கவிட்டால் அது தலைமேல் ஏறிவிடும் என்பது. நிக்கோலா ரூனியும் ஜான் பிராட்ஷாவும் 14 கோல்டன் ரிட்ரீவர்களை வைத்துச் செய்து 2002இல் வெளியிட்ட ஆய்வில் அப்படி எதுவும் நடக்கவில்லை. ஜெயித்தாலும் தோற்றாலும் நாய் எஜமானரை ஆளத் தொடங்கவில்லை. ஜெயித்தவை மறுபடி விளையாட அழைத்தன. "விடு" என்றால் விடப் பழக்கிவிட்டு விளையாடலாம். லேசர் ஒளியைத் துரத்தவிடுவதைத் தவிர்ப்பது நல்லது. பிடிக்கவே முடியாத இரையைத் துரத்தும் நாய், ஒளி அணைந்தபின்னும் நிழலையும் வெளிச்சத்தையும் தேடிக்கொண்டே இருக்கும் பழக்கத்துக்குப் போய்விடலாம்.

எங்கே தவறுகிறோம்?

முதல் தவறு கணக்கில். விளையாட்டில் கொடுத்ததை அன்றைய சாப்பாட்டிலிருந்து குறைக்கவேண்டும். இல்லாவிட்டால் மூளைக்கு வேலை கொடுத்து உடம்பைக் கெடுத்தவர்களாவோம்.

இரண்டாவது தவறு பண்டத்தில். நிலக்கடலை வெண்ணெய் சிலவற்றில் சேர்க்கும் சைலிட்டால் என்ற இனிப்பு நாய்க்குக் கொடிய நஞ்சு. டப்பாவின் மேல் எழுதியதைப் படிக்காமல் பூசக்கூடாது. திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், வெங்காயம், பூண்டு ஆகாது. ஆகவே நேற்றைய குழம்புச் சோறும் ஆகாது. வெந்த கோழி எலும்பு ஊசியாய் உடையும். போத்தல் கொடுத்தால் மூடியையும் வளையத்தையும் கழற்றவேண்டும்; அட்டைப்பெட்டி கொடுத்தால் ஊசிப்பின்னையும் டேப்பையும் பிய்க்கவேண்டும்.

மூன்றாவது நம் ஊருக்கே உரியது. தீனி சிந்திய இடத்தில் பத்து நிமிடத்தில் எறும்பு, இரவில் எலி. எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் நாயையும் தாக்கும், மனிதரையும் தாக்கும். விளையாட்டு முடிந்ததும் பாயை உதறி, துவைத்து, வெயிலில் போடாவிட்டால் இந்த விளையாட்டை ஆடாமல் இருப்பதே மேல்.

நான்காவது, கடினத்தில் தொடங்குவது. தீர்க்க முடியாத புதிர் நாயை எரிச்சலாக்கும்; அது சாமானையே கடித்து உடைத்துப் புதிருக்குத் தீர்வு காணும். இரண்டு நாய் உள்ள வீட்டில் உணவு விளையாட்டைத் தனித்தனி அறையில்தான் ஆடவேண்டும். உடன்பிறந்த குட்டிகளும் சோற்றுக்குச் சண்டை போடும்.

தீபாவளிக்கும், சீனப் புத்தாண்டின் ஒன்பதாம் நாள் ஹொக்கியன் மக்களின் தீகோங் வழிபாட்டுக்கும் வெடிக்கிற வெடியை வைத்துப் பார்த்தால், இந்த விளையாட்டுகளுக்கு இன்னொரு பயன் தெரியும். ஸ்டெஃபானி ரீமர் 1,225 நாய்களின் எஜமானர்களிடம் கேட்டு 2020இல் வெளியிட்ட ஆய்வில், வெடிச்சத்தம் கேட்ட உடனே உணவோ விளையாட்டோ கொடுப்பது பலன் தந்ததாகச் சொன்னவர்கள் 70 விழுக்காட்டுக்கு மேல். பயந்த நாய்க்குத் தின்னக் கொடுத்தால் பயம் கூடும் என்ற நம்பிக்கை தவறு.

விளையாட்டால் ஆகாதது

பதினைந்து நிமிட மோப்பம் ஒரு மணி நேர நடைக்குச் சமம் என்று சொல்லக் கேட்கிறோம். களைப்புக்கு அப்படி நாணய மாற்று விகிதம் போட முடியாது. நடை நாயின் மூட்டுக்கும் தசைக்கும் வேண்டும். தெருவின் வாசனையும் வேண்டும். வெயில் தாழ்ந்தபின் கயிற்றோடு இருபது நிமிடம், அதில் பாதி நேரம் அது நின்று முகர நாம் காத்திருந்தால், அதுவும் மூளை விளையாட்டுதான்.

தனிமையில் பதறும் நாய்க்கும் இது மருந்தாகாது. ஆள் போனதும் ஓலமிட்டு, எச்சில் ஒழுக்கி, கதவைப் பிறாண்டும் நாய், பக்கத்தில் கிடக்கும் கோழியைத் தொட்டும் பார்க்காது. அது சலிப்பு இல்லை, பீதி. கால்நடை மருத்துவரிடம் காட்டவேண்டியது. அடக்கமாக இருந்த நாய் திடீரென மூர்க்கமானாலும் அப்படியே, வலி இருக்கலாம்.

இத்தனையையும் சேர்த்துப் பார்த்தால், நேரமில்லாத வீட்டுக்கு வரிசை இப்படி அமைகிறது. காலையில் கிளம்புமுன் சாப்பாட்டைக் கிண்ணத்தில் வைக்காமல் தூவியோ சுருட்டியோ கொடுப்பது. அதற்கு மூன்று நிமிடம். மதியத்துக்கு உறையவைத்த ஒன்று. மாலையில் நடை, இரவில் ஐந்து நிமிடம் சொல்லோ கண்ணாமூச்சியோ. கடைச் சாமான் ஒன்றோ இரண்டோ போதும், அதுவும் வாரத்துக்கு மாற்றி மாற்றி. எல்லாவற்றிலும் மலிவானது மூக்கு. எல்லாவற்றிலும் அரிதானது, நாம் தரையில் உட்கார்ந்து கூட ஆடும் அந்த ஐந்து நிமிடம்.

ஆனால் பண்டமாரான் சந்துகளில் நடந்து பார்த்தால் இந்த வரிசைக்கும் முன்னால் வரவேண்டியது ஒன்று கண்ணில் படும். கேட்டோரத் தூணில் கட்டிய நாய்க்குச் சங்கிலி எட்டும் தூரம்தான் உலகம். அந்த வட்டத்துக்குள் எதை ஒளித்துவைத்தாலும் அதற்குத் தேட ஒன்றுமில்லை. எல்லாம் ஏற்கெனவே முகர்ந்து தீர்த்த இடம். கேட்டைப் பூட்டிவிட்டுச் சங்கிலியை அவிழ்ப்பதற்குச் செலவு எதுவும் இல்லை. மோப்பப் பாயை அதற்குப் பிறகு கட்டிக்கொள்ளலாம்.